நம்ம ஊருக்குத்தான் கூலன்ட்

"நம்ம ஊர்ல எங்க சார் பனி கொட்டுது? கூலன்ட்டெல்லாம் குளிர் நாட்டுக்காரன் சமாச்சாரம். நல்ல தண்ணியா ஊத்துங்க, வண்டி பாட்டுக்கு ஓடும்." தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் எவரும் இந்த வாசகத்துக்குத் தப்பியிருக்க முடியாது. சொல்பவர் சாலையோர மெக்கானிக்காக இருப்பார்; காலமெல்லாம் டாக்ஸி ஓட்டிய பெரியவராக இருப்பார்; பல வீடுகளில் மாமனாராக இருப்பார். கேட்பவருக்கும் அது நியாயமாகவே படும். கேனில் 'ஆன்டிஃப்ரீஸ்' என்று போட்டிருக்கிறது. வெளியே கத்திரி வெயில் காய்கிறது. எதுவும் உறையாத ஊரில் உறையாமல் காக்கும் சரக்கு எதற்கு? கம்பெனிக்காரன் காசு பிடுங்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான், அவ்வளவுதானே?

இதை மறுக்க வருபவர்கள்கூட வழக்கமாகப் பாதி தூரம் இறங்கிப்போய்விடுவார்கள். தண்ணீரும் பரவாயில்லை, கூலன்ட் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் நல்லது என்பார்கள். அந்தச் சமாதானத்துக்கு நான் வரவில்லை. வெயில் அதிகம், நிலத்தடி நீரில் உப்பு அதிகம், மலைப்பாதை அதிகம் என்றிருக்கும் ஊரில் கூலன்ட்டின் தேவை குறைவதில்லை, கூடுகிறது. பனி இல்லை என்பதைக் காரணம் காட்டி அதை வேண்டாம் என்பது, இந்தத் திரவம் எதற்காக உள்ளே இருக்கிறது என்பதையே தெரிந்துகொள்ளாமல் பேசுவது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கு ஏறத்தாழ 3.5 போதும். அதாவது ஒரே அளவு திரவம் ஒரே சுற்றில் எடுத்துச்செல்லும் வெப்பம் கூலன்ட்டில் குறைவுதான். பந்தயக் கார்கள் பலவற்றில் வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது என்பதும் உண்மை. கிளைக்கால் தரையில் சிந்தினால் தடம் வழுக்கும் என்பதால் பல பந்தயத் தடங்களில் அதற்குத் தடையே உண்டு. ஆனால் அங்கே ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் துருத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். பந்தயம் முடிந்த கையோடு அடிக்கடி வடித்துவிடுவார்கள், எஞ்சினையும் சீக்கிரமே பிரித்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரும் கார் அந்தச் சாதியில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சும்மா முளைத்ததல்ல. அம்பாசிடர் காலத்தில் அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. அந்த 1489 சி.சி. எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். மூடி தாங்கிய அழுத்தமும் குறைவு. கொதித்தால் ஆவி வெளியே போகும், டிரைவர் துணியைச் சுற்றி மூடியைத் திறந்து இன்னொரு குடம் ஊற்றுவார். லாரிகளிலும் அதே கதைதான். மலை ஏறுமுன் அடிவாரத்தில் நிறுத்தித் தண்ணீர் பிடித்துக்கொள்வது தொழில் ஒழுக்கமாகவே இருந்தது. உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் கடைக்காரர் ஈயப் பற்றை உருக்கி மேல் டேங்கைக் கழற்றுவார், தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுச் சுரண்டுவார், மறுபடி ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுவார். தண்ணீர் செய்த கேட்டை மனித உழைப்பு சரிசெய்துகொண்டிருந்தது. உழைப்பு மலிவாக இருந்ததால் அந்தக் கேடு கணக்கில் ஏறவில்லை.

இன்றைய காரில் அந்த ரேடியேட்டர் இல்லை. மெல்லிய அலுமினியக் குழாய்கள். அவற்றின் இரு முனையிலும் ரப்பர் வைத்து மடக்கி இறுக்கிய பிளாஸ்டிக் டேங்க். பிரித்துக் கம்பி விட்டுச் சுரண்டி மறுபடி மூடும் வேலைக்கு இது இடம் கொடுக்காது, அடைத்தால் புதிதுதான். ஹெட் அலுமினியம். புதிய பெட்ரோல் சிறுகார்கள் பலவற்றில் பிளாக்கே அலுமினியம். எஞ்சின் சின்னதாகிவிட்டது, அதிலிருந்து எடுக்கும் திறன் கூடிவிட்டது, உள்ளே ஓடும் திரவம் நாலைந்து லிட்டருக்குள் சுருங்கிவிட்டது. லிக்விட் கூலிங் உள்ள பைக்குகளில் ஒரு லிட்டரைச் சுற்றித்தான். அம்பாசிடருக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் சொல்லும் பெரியவரின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் அனுபவம் வேறொரு உலோகத்தின் மேல் கிடைத்தது.

இனி பனி விஷயத்துக்கு வருவோம். கிளைக்கால் உறைநிலையைக் கீழே இறக்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சரிபாதிக் கலவை கழித்தல் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அதே கிளைக்கால் கொதிநிலையை மேலே தூக்குகிறது என்பதுதான் நம் ஊரில் யார் காதிலும் விழாத சங்கதி. சுத்தமான எத்திலீன் கிளைக்கால் கொதிப்பது 197 டிகிரியில். சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வரை கொதிக்காது. ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டு அடைத்தால் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். கலவையோ 129 டிகிரியைத் தொடும்.

இந்தப் பயனை நன்றாக உணர்ந்தவர்கள் குளிருக்கு நடுங்கிய கார்க்காரர்கள் அல்ல, விமானம் கட்டியவர்கள். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் தண்ணீரே கலக்காத கிளைக்கால் ஓடியது. காரணம் சூடு. திரவம் எவ்வளவு சூடாக இருந்தும் கொதிக்காமல் இருக்கிறதோ, அவ்வளவு சின்ன ரேடியேட்டர் போதும். ரேடியேட்டர் சின்னதானால் காற்றின் எதிர்ப்பு குறையும், வேகம் கூடும். சுத்த கிளைக்காலுக்கும் குறை இருந்தது: வெப்பம் சுமக்கும் திறன் மட்டு, தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் பின்னால் வந்த மெர்லின்களில் 30 பங்கு கிளைக்கால், 70 பங்கு தண்ணீர் என்று கலந்து, மொத்தத்தையும் அழுத்தத்தில் அடைத்தார்கள். இன்று உங்கள் காரின் முன்பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். கூலன்ட்டை வெறும் குளிர் மருந்து என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

ரேடியேட்டர் காற்றில் எவ்வளவு வெப்பத்தைக் கொட்ட முடியும் என்பது, உள்ளே ஓடும் திரவத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 10 டிகிரி, உள்ளே 95 என்றால் இடைவெளி 85. வேலூரில் மே மாதம் மதியம் வெளியே 40 டிகிரிக்கு மேல். இடைவெளி 55கூட இல்லை. போதாக்குறைக்கு ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் தன் சூட்டையும் கக்கிக்கொண்டிருக்கும். ஆக அதே கார், அதே எஞ்சின், அதே ரேடியேட்டர் நம் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடுதான் வேலை செய்கிறது. ஈடுகட்ட ஒரே வழி, திரவம் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகவும் அப்போதும் கொதிக்காமலும் இருப்பது. பனி நாட்டுக்காரனுக்கு அந்த ஒன்பது டிகிரி உபரி வரவு. நமக்கு அது சாப்பாட்டுச் செலவு.

மலைக்குப் போவோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறும். வேகம் குறைவு என்பதால் எதிர்க்காற்றும் குறைவு. வேலை உச்சம், குளிர்ச்சி மட்டம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருந்தால் காரும் திறந்த பாத்திரம்தான். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பது 82 முதல் 88 டிகிரிக்குள்; ஃபேன் சுற்றத் தொடங்குவது 95ஐ ஒட்டி. கணக்கைப் பாருங்கள்: வெறும் தண்ணீர், கசியும் மூடி, ஊட்டி மலை என்றால் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே தண்ணீர் கொதித்துவிடுகிறது. பாதையோரம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குடும்பத்தோடு நிற்கும் கார்களில் எத்தனை இந்த வகை என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இன்னொன்று: தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் டிசம்பர், ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். 'நம்ம ஊர்ல எங்க பனி' என்பவர் நீலகிரியைத் தமிழ்நாட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்.

இவ்வளவும் கொதிப்பைப் பற்றி. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம் உப்பு.

'நல்ல தண்ணி' என்று மெக்கானிக் சொல்வது எந்தத் தண்ணீர்? கடைக்குப் பின்னால் இருக்கும் போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் போர்க் கிணறுகள் பல இந்த இரண்டாவது எண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவை. 2,000 உள்ள தண்ணீரில் ஐந்து லிட்டர் ஊற்றினால் பத்து கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒருமுறை ஊற்றுவதோடு நின்றால் பெரிய கேடில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் ஊற்றிய வண்டியில் தண்ணீர் குறையும், திரும்ப ஊற்றுவார்கள், திரும்பக் குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கி ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும்.

அது எங்கே படிகிறது என்பதில்தான் வினை. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும்; சுண்ணாம்பு உப்பு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரையாமல் வெளியே வரும். வீட்டு கெய்சரின் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவது அதனால்தான். டேங்கின் மற்ற இடத்தைவிட அந்தக் கம்பிதான் அதிகச் சூடு. எஞ்சினிலும் அது மிகச் சூடான இடத்தைத் தேடிப்பிடித்துப் படியும்: எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, சிலிண்டரின் மேல்விளிம்பில். அந்தப் பொருக்கு அலுமினியத்தைவிடப் பல பத்து மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். எந்த இடத்திலிருந்து வெப்பத்தை அவசரமாக வெளியேற்ற வேண்டுமோ, அந்த இடத்துக்கே போர்வை போர்த்தியாயிற்று. டாஷ்போர்டு முள் அசையாது. உள்ளே ஒரு மூலை மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

"அப்போ ஆர்.ஓ. தண்ணி, கேன் தண்ணி ஊத்தலாமே" என்று படித்தவர்கள் கேட்பார்கள். போர் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல். பொருக்குப் பிரச்சினை குறையும். அரிப்புப் பிரச்சினை அப்படியே இருக்கும். அலுமினியம், வார்ப்பிரும்பு, எஃகு, சில பழைய வண்டிகளின் ஹீட்டரில் செம்பு என்று வெவ்வேறு உலோகங்களை ஒரே தண்ணீரில் நனைத்துவைத்தால் அது மெல்லிய பேட்டரி போலத்தான் நடந்துகொள்ளும்; அதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் குளோரைடு இருந்தால் ஊசிமுனை ஊசிமுனையாகக் குழி பறிக்கும். கூலன்ட் கேனில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் முக்கியமான சரக்கு, அளவில் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள். சிலவற்றில் சிலிகேட், சிலவற்றில் பாஸ்பேட், சிலவற்றில் கரிம அமிலங்கள். உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் இடுவது அவற்றின் வேலை. வாட்டர் பம்பின் இறக்கையில் நீர்க்குமிழிகள் உடைந்து உலோகத்தைக் கொத்திக் குழியாக்குவதையும் அவை மட்டுப்படுத்தும். லைனர் போட்ட கனரக டீசல் எஞ்சின்களில் இந்தக் குமிழிகள் லைனரையே துளைத்துவிடும் என்பது லாரிப் பட்டறைக்காரர்கள் கண்ணால் பார்த்த சமாச்சாரம். வெறும் தண்ணீரில், அது ஆர்.ஓ. ஆனாலும் காவிரி ஆனாலும், இந்தக் காப்பு எதுவும் இல்லை. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்து வைத்திருக்கும் எஃகுத் தகடுகளை மெக்கானிக்குகள் 'டம்மி' என்பார்கள். தண்ணீர் ஓடிய எஞ்சினில் அது உள்ளிருந்து துருப்பிடித்து ஒருநாள் ஒழுகத் தொடங்கும். சில வண்டிகளில் அந்த டம்மியை மாற்ற கியர் பாக்ஸையே இறக்கவேண்டி வரும்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள்; அங்கே குழாய்த் தண்ணீர் கடினம், பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வண்டலாகிவிடும். ஜப்பானியர்கள் சிலிகேட்டைத் தவிர்ப்பார்கள், பாஸ்பேட்டை வைத்துக்கொள்வார்கள். நம் சாலையில் ஓடும் கார்களில் ஜப்பானிய வழிவந்தவை ஏராளம். தண்ணீரோ ஐரோப்பாவையும் மிஞ்சும் கடினம். எனவே 'கூலன்ட் இருக்கு, கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஒரு செம்பு தண்ணி ஊத்திக்கலாம்' என்று போர் தண்ணீரை ஊற்றுபவர், மருந்தை நீர்க்கச் செய்வதோடு நிற்கவில்லை. மருந்தையே படிவாக்கிக் கீழே தள்ளுகிறார். டாப்-அப் என்றால் கலந்தே வரும் கூலன்ட், அல்லது பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர். பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும்.

தண்ணீர்க் கட்சிக்கு ஒரு கூட்டணிக் கட்சி உண்டு: தெர்மோஸ்டாட் கழற்றிகள். "வால்வை எடுத்துட்டா தண்ணி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், சூடே ஆகாது." கேட்க அழகான தர்க்கம். 1930களில் செர்ஜியஸ் வெர்னே வடிவமைத்த மெழுகு வால்வு, இன்றும் ஏறக்குறைய அதே மாதிரிதான். மெழுகு உருகி விரிந்தால் வழி திறக்கும், ஆறினால் மூடும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வந்துசேர நெடுநேரம் ஆகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் தங்கும். புதிய வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனர் போட்டால் பி 0128 என்று காட்டும்: திரவம் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகவில்லை என்று பொருள். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் அந்த வால்வுக்கு இரண்டு தட்டு. ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது இன்னொன்று குறுக்குவழியை மூடும். வால்வையே பிடுங்கிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான திரவத்தில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மலை ஏறும்போது, எந்த ஓவர்ஹீட்டைத் தவிர்க்கக் கழற்றினார்களோ அதுவே வந்து நிற்கும். வால்வு பழுதாகி மூடியபடியே சிக்கிக்கொள்வதுண்டு, அது உண்மை. அதற்கு மருந்து புது வால்வு. விலை ஒன்றும் சொத்தை விற்கும் அளவுக்கு இல்லை.

அடுத்தது, 'வெயில் காலத்துல தண்ணி குறையத்தான் செய்யும்' என்ற ஆறுதல் வார்த்தை. இதைப்போல எஞ்சின்களைக் கொன்ற வாக்கியம் இன்னொன்று இருக்காது. இன்றைய கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. சூட்டில் விரியும் திரவம் பக்கத்து டேங்குக்குப் போகும், ஆறியதும் அதே திரவம் திரும்ப வரும். வண்டி கூலன்ட்டைக் குடிக்காது. மாதாமாதம் மட்டம் இறங்குகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை ஹோஸ் கிளாம்ப் பக்கத்தில் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறையாகவோ, வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சிறு துளையில் கசிவாகவோ, காருக்குள் முன்சீட் கால்மிதியடியில் பிசுபிசுப்பாகவோ பார்க்கலாம். எங்குமே தெரியாமல் குறைந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும்: ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள் போய், வெள்ளைப் புகையாக வெளியே வருகிறதோ என்று. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம், டேங்கில் எண்ணெய்ப் படலம், ஸ்டார்ட் செய்ததும் டேங்கில் விடாத குமிழி என இவற்றில் எது தெரிந்தாலும் நேரே பட்டறைக்கு. புகைவாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்க்க நீலத் திரவம் வைத்த ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கரியமில வாயு பட்டால் மஞ்சளாகும். அதைச் செய்யாமலே 'ஹெட்டை இறக்கணும்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நடுக்காட்டில் லாரிக்காரர் கையில் அது ஒரு சாமர்த்தியம். அலுமினிய ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் அதே பொடி எங்கே போய் அடையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பதற்கு நிபுணர் வேண்டாம். காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது டேங்கின் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் தெளிவாக இருக்கிறதா, செம்மண் கலங்கலா? ஹோஸை அமுக்கிப் பாருங்கள். பிஸ்கட் போல மொறுமொறுத்தாலும் ஊதிப்போய்க் கொழகொழத்தாலும் மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடிக்குள் இருக்கும் சிறு வால்வு வேலை செய்யவில்லை. மூடி விலை அற்பம், ஆனால் மேலே 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டுவிட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். சூடான எஞ்சினில் மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தம் விட்டதும் 110 டிகிரித் திரவம் ஒரே நொடியில் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். இன்னொரு எச்சரிக்கை: பல சிறுகார்களில் இப்போது வெப்பமானி முள்ளே இல்லை, ஒரு விளக்கு மட்டும்தான். முள் இருந்தாலும், திரவம் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும். முள் திடீரென்று கீழே இறங்கிக்கூடக் காட்டும். மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று இறங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

டாப்-அப் செய்துகொண்டே இருந்தால் போதும், மாற்றத் தேவையில்லை என்பாரும் உண்டு. கிளைக்கால் சூட்டிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்து அமிலமாகும். மருந்து அந்த அமிலத்தை அடக்கி அடக்கித் தானே தீர்ந்துபோகும். பழைய வகைக் கூலன்ட்டுகளுக்கு இரண்டு ஆண்டு, கரிம அமில வகைகளுக்கு ஐந்து ஆண்டு அல்லது அதற்கும் மேல் என்று வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். நிறம் தயாரிப்பாளர் விருப்பம். கேனின் பின்பக்கத்தில் ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234 போன்ற தர எண்கள் இருக்கின்றனவா, உங்கள் கையேடு கேட்கும் வகையோடு பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. தண்ணீர் கலக்காமல் விற்கும் கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பதும் தப்பு. வெப்பம் சுமக்கும் திறன் இறங்கிவிடும், மருந்தும் தண்ணீர் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

மாற்றும் வேலையில் பட்டறைகள் விட்டுவிடுவது இரண்டு. ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்குக்குள் பழையது கணிசமாகத் தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யவேண்டும். அடுத்தது காற்று. முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெல்ல ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்துவிட்டு, ஃபேன் இரண்டு தடவையாவது சுற்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி, புதுக் கூலன்ட் ஊற்றிய வண்டியையே ஓவர்ஹீட் ஆக்கிவிடும். 'கூலன்ட் ஊத்தினதுக்கப்புறம்தான் சார் பிரச்சினையே' என்ற புகார் பல நேரம் அங்கேதான் பிறக்கிறது. வடித்த பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கும், குழந்தை விரல் வைத்துச் சுவைக்கும், சிறுநீரகம் போகும். மூடிய கேனில் அடைத்துப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் காசு. கலந்தே வரும் கூலன்ட் லிட்டருக்குச் சில நூறு ரூபாய். ஒரு சிறுகாருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாலைந்து லிட்டர். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட இருமடங்கு விரியும், ஆகவே ஒரே ஒரு நல்ல ஓவர்ஹீட்டில் ஹெட் வளைந்துவிடலாம். பிறகு ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு, கேஸ்கட் செட் வாங்கி, கூலி கொடுத்து எழுவதற்குள் பல பத்தாயிரங்கள் போய்விடும். காசு பிடுங்குபவன் யார் என்று அப்போது கேட்டுப் பார்க்கலாம். பேட்டரியையே திரவத்தால் குளிர்விக்கும் மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அந்த டேங்கிலும் போர் தண்ணீரை ஊற்ற ஒரு கை நீளும் நாளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வால்பாறைப் பாதையில் கூலன்ட் கேனுக்காகக் காத்துக்கிடப்பார்கள். நடுவழியில் ஹோஸ் வெடித்துத் திரவம் கொட்டிவிட்டால், ஓட்டையைக் கட்டிவிட்டு, கையிலிருக்கும் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். முதலில் எஞ்சினை அணைத்து, மூடியைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாது. சூடான ஹெட்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திருகி, கண்ணாடிகளை இறக்கி, மெதுவாக இறங்கிவாருங்கள். ஊருக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை அந்த வாரமே வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, புதுக் கூலன்ட் ஊற்றுங்கள்.